கம்பியில் இறங்கிய பவுலின்

பவுலினிடம் இந்தக் கதையைக் கேட்டால் பாதியில் எழுந்து போய்விடுவாள். சொல்லப் பிடிக்காமல் இல்லை, உட்கார முடியாமல். மூணுகல் தோட்டத்துப் பாடசாலையில் நான் மூன்று வருடம் படிப்பித்தேன். அப்போது அவளிடமிருந்து துண்டு துண்டாகவும், பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த அவளுடைய சிநேகிதி மீனம்மாவிடமிருந்து முழுசாகவும் கேட்டதைத்தான் எழுதுகிறேன்.

மூணுகல், பொகவந்தலாவைக் கடைவீதியிலிருந்து நாலு மைல் ஏற்றம். பவுலினின் அப்பா சூசைரட்ணம் அங்கே கொழுந்துக் கம்பிக்காரர். மேல்மலையில் பெண்கள் பறிக்கும் கொழுந்தைச் சாக்கில் கட்டி, சில்லு வைத்த இரும்புக் கொக்கியில் மாட்டி, கம்பியில் தள்ளிவிடுவது அவர் வேலை. சாக்கு பள்ளத்தாக்கின் மேலே பறந்து, எதிர்ச்சரிவில் கீழே இருக்கும் ஸ்டோருக்கு, அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்கு, இரண்டு நிமிஷத்தில் போய்ச் சேரும். அதே தூரத்தை ஒற்றையடிப் பாதையில் நடந்து இறங்க ஒரு மணித்தியாலம் பிடிக்கும்.

அம்மா எழுபத்துநாலில் செத்துப்போனாள். தோட்டங்களில் அரிசியும் மாவும் கிடைக்காத வருஷம் அது. அதற்குப் பிறகு அந்தக் காம்பராவில் அப்பாவும் மகளும் மட்டும்தான்.

சூசைரட்ணம் இந்தியாவுக்குத் திரும்பிப் போக, இந்தியப் பிரஜாவுரிமை கேட்டு எழுதிப் போட்டிருந்தார். கிடைத்தும் விட்டது. மகளின் பெயரும் அவருடைய கடுதாசியிலேயே இருந்தது. ஆனால் கப்பலுக்குத் தேதி வரவில்லை. இந்த வருஷம் வரும் என்றார்கள், அடுத்த வருஷம் என்றார்கள். இன்றைக்கோ நாளைக்கோ போகிறவள் என்பதால் பவுலினை யாரும் பெண் கேட்டு வரவில்லை. பிள்ளைக்காம்பராவில் ஆயா வேலை காலியானபோது, "நீதான் போகப் போறவளாச்சே" என்று தோட்டத்து மேற்பார்வையாளரான கண்டாக்கு வேறு ஒருத்தியைப் போட்டார். காம்பரா வாசலில் அவள் ஒரு ரோசாக் குச்சிகூட ஊன்றவில்லை. இருபத்துநாலு வயது வரைக்கும் மூட்டை கட்டி வைத்தவளைப் போலவே இருந்தாள்.

அதனாலோ என்னவோ, அவளுக்கு ஓர் இடத்தில் நிற்க வராது. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் பெயர் கூப்பிடும்போது எல்லாரும் வரிசையாக நிற்க, அவள் ஒரு காலை மாற்றி இன்னொரு காலில் நின்றுகொண்டிருப்பாள். மாதா கோவிலில் சுவாமியார் பிரசங்கம் வைக்கத் தொடங்கியதும் பின்கதவால் வெளியே போய், கோவிலை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் உள்ளே வருவாள். "அவ செருப்புப் போட்டா மாசத்துக்கு ஒரு சோடி வேணும். நல்ல வேளை, போடுறதில்ல" என்பாள் மீனம்மா.

1980ஆம் ஆண்டு மார்ச்சில் கொழும்பிலிருந்து ஒரு சினிமாக் கம்பனி வந்தது. இரண்டு ஜீப், ஒரு லொறி, முப்பது பேர். சிங்களப் படம். மேல்பிரிவில் பத்து வருஷமாகப் பூட்டிக் கிடந்த பழைய ஸ்டோரைத் துரையிடம் கேட்டு வாங்கியிருந்தார்கள். அதுதான் படத்தில் விஞ்ஞானியின் ஆராய்ச்சிக்கூடம். படத்தில் நடிக்கத் தோட்டத்துப் பெண்கள் இருபது பேர் வேண்டும் என்றார்கள். மறுநாள் பெரட்டு முடிந்ததும் அவர்களை ஒதுக்கி நிறுத்தி, கம்பனியின் மேக்கப்காரர் றோலண்ட் விஷயத்தைச் சொன்னார். கொட்டாஞ்சேனைக்காரர் அவர். வந்தவர்களில் தமிழ் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

"கதை இதுதான். ஒரு பணக்காரப் பொம்பிள. அவட உடம்புல இருந்து ஒரு துளி எடுத்து, விஞ்ஞானி ஒருத்தன் இன்னொருத்திய உண்டாக்குறான். அச்சு அசல் அவளே. தாயும் இல்ல, தகப்பனும் இல்ல. அப்படியே இருபது பேர உண்டாக்குறான். உங்களுக்கு விளங்குறது கொஞ்சம் கஷ்டம்."

"இதுல என்னாங்க கஷ்டம்?" என்றாள் மீனம்மா. "நாத்து மேடையில நாங்க அதத்தானே செய்றோம்? நல்ல செடியாப் பாத்து, ஒரு எலையும் கணுவுமா வெட்டி ஊன்டுனா அதே செடி வருது. ஆயிரம் ஊன்டுனா ஆயிரமும் ஒரே மாதிரிதான்."

றோலண்ட் அதைச் சிங்களத்தில் டைரக்டருக்குச் சொன்னார். டைரக்டர் சிரித்தபடி பையிலிருந்து கொப்பியை எடுத்து எழுதிக்கொண்டார்.

பவுலின் கேட்டாள்: "அந்த ரெண்டாவது பொம்பளைக்குத் தெரியுமாங்க, தான் ரெண்டாவதுன்னு?"

றோலண்ட் கேட்டுச் சொன்னார்: "தெரியாதாம். தெரிஞ்ச அன்னைக்கு ஓடுவாளாம். அதுதான் படமாம்."

பழைய ஸ்டோரின் மாடியில், கொழுந்து வாட்டுவதற்காகச் சாக்குத் துணியை இழுத்துக் கட்டிய தட்டுகள் இன்னும் இருந்தன. அடுக்கடுக்காக, ஆள் படுக்கிற நீளத்தில். நகல் பெண்கள் அதில்தான் வளர்கிறார்களாம். இருபது பேருக்கும் வெள்ளைக் கவுன் மாட்டி, முகத்தில் பவுடர் அப்பி, தட்டுக்கு ஒருத்தியாகப் படுக்க வைத்தார்கள். கண்ணை மூட வேண்டும். அசையக் கூடாது. மூச்சு விடுவதுகூடத் தெரியக் கூடாது.

மீனம்மா சுகமாகப் படுத்தாள். "பொறந்ததுல இருந்து பகல்ல படுத்ததில்ல. அதுக்குச் சம்பளம் வேற" என்று பிற்பாடு என்னிடம் சொன்னாள். பவுலினால்தான் முடியவில்லை. முதல் தடவை அவளுடைய கால்விரல் ஆடியது. இரண்டாம் தடவை முழங்கை. மூன்றாம் தடவை கமரா ஓடிக்கொண்டிருக்கும்போதே எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

"ஏழாவது தட்டுல யார் அது?" என்று டைரக்டர் சிங்களத்தில் கத்தினார். றோலண்ட் வந்து கையைப் பிடித்து இறக்கினார். "தங்கச்சி, நீங்க வெளிய இருங்க. ஒண்டும் குறையா நினைக்க வேணாம்." ஏழாவது தட்டில் ஒரு சாக்கைச் சுருட்டி வைத்து, அதன் மேல் கவுனை விரித்துப் படம் எடுத்தார்கள். தட்டில் கிடந்த அந்தச் சாக்கைப் பவுலின் வாசலில் நின்று பார்த்தாள். அவளுக்கு அது பிடிக்கவில்லை.

கம்பிக் காட்சி மூன்று நாள் கழித்து வந்தது. உண்மை தெரிந்த நகல் பெண், துரத்தி வரும் ஆட்களிடமிருந்து தப்பிக் கொழுந்துக் கம்பியில் தொங்கிப் பள்ளத்தாக்கைத் தாண்ட வேண்டும். பணக்காரியாகவும் அவளுடைய நகலாகவும் நடித்த தில்ருக்ஷி நல்ல பெண்தான், ஆனால் குளிரில் கம்பளிச் சட்டையை விட்டு வெளியே வரமாட்டாள். அவளுக்குப் பதிலாகத் தொங்குவதற்குக் கொழும்பிலிருந்து ஒரு சினிமாச் சண்டைக்கார இளைஞன் வந்திருந்தான். அவனுக்குக் கவுன் மாட்டி, நீளமான பொய்முடி வைத்து, மேல் கம்பியடிக்குக் கூட்டிப் போனார்கள். அவன் விளிம்பில் நின்று கீழே பார்த்தான். கீழே ஆறு வெள்ளை நூலாகத் தெரிந்தது. பொய்முடியைக் கழற்றி றோலண்டின் கையில் கொடுத்துவிட்டு, ஒரு கல்லில் உட்கார்ந்து சிகரெட்டைப் பற்றவைத்தான். அதற்குப் பிறகு யார் சொல்லியும் எழும்பவில்லை.

"நான் போறேன்" என்றாள் பவுலின்.

சூசைரட்ணம் கொக்கிப் பெட்டியருகே இருந்தார். அவர்தான் முதலில் திரும்பினார். "நீ வாய மூடு."

"அவங்களுக்கு ஆளு வேணும்பா."

"இருவது வருஷமா இந்தக் கம்பியில நான் மனுசர ஏத்துனதில்ல. போர்டு போட்டிருக்கு பாரு. தவக்காலம் வேற. சாமியாருக்குத் தெரிஞ்சா என்னா சொல்வாரு?"

"சாக்கு எத்தன றாத்தல் போவுது?"

"அறுவது. நனைஞ்சா எழுவது."

"நான் தொண்ணூறு இருப்பேன். கம்பி தாங்குமா, தாங்காதா? அத மட்டும் சொல்லுங்க."

சூசைரட்ணத்துக்குக் கம்பியைப் பற்றிப் பொய் சொல்ல வராது. "தாங்கும்" என்றார்.

றோலண்ட் கவுனையும் பொய்முடியையும் பவுலினுக்கு மாட்டிவிட்டார். சூசைரட்ணம் பெட்டியிலிருந்து மூன்று கொக்கிகளை எடுத்துத் தட்டிப் பார்த்து எறிந்தார். நாலாவதன் சில்லுக்குத் தானே கிறீஸ் பூசினார். கவுனுக்குள்ளே மகளின் இடுப்பையும் தொடைகளையும் சுற்றித் தோல்வார் கட்டி, அதைக் கொக்கியோடு பிணைத்து, முடிச்சை மூன்று தரம் இழுத்துப் பார்த்தார். கீழ்க் கம்பியடியில் சாக்கு இறக்கும் மாயாண்டிக்கு மணியடித்தார். சாக்கு வந்து மோதுகிற இடத்தில் அவன் பழைய சாக்குகளை மதில்போல அடுக்கி வைத்திருந்தான். அவன் திரும்ப மணியடித்ததும், சூசைரட்ணம் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு மகளைத் தள்ளிவிட்டார்.

பவுலின் போனாள். கால் தரையை விட்ட அந்த நொடி மட்டும்தான் பயமாம். பிறகு காற்று. தேயிலை மலை முழுக்கத் தன் காலுக்குக் கீழே ஓடியதை, வரிசைக் காம்பராக்களான லயங்களின் தகரக் கூரைகளை, பார்த்துப் பழகிய எல்லாவற்றையும் மேலேயிருந்து பார்த்தாள். கத்தினாளாம். பயத்திலா என்று கேட்டேன். "இல்லீங்க சேர். சும்மா கத்தணும்போல இருந்துச்சு." மாயாண்டியின் சாக்கு மதிலில் மோதி விழுந்து, உடனே எழுந்து, "இன்னொரு தரம்" என்றாள்.

இன்னொரு தரம் வேண்டியும் இருந்தது. வேகம் கூடிப்போனதால் கமராவில் ஒன்றும் விழவில்லையாம். மெதுவாக வர வேண்டும் என்றார் டைரக்டர். கம்பியில் மெதுவாக என்று ஒன்று கிடையாது என்றார் சூசைரட்ணம். றோலண்ட் இருவருக்கும் நடுவில் மாறி மாறிப் பேசினார். கடைசியில், சில்லுக்கும் கம்பிக்கும் இடையில் ஒரு சாக்குத் துண்டைச் சுற்றிவிட்டால் இழுத்துப் பிடிக்கும் என்று முடிவானது. சூசைரட்ணம் அரை மனதோடு சுற்றிவிட்டார். பின்னேரம் இரண்டு மணி. பவுலின் மறுபடியும் மேலே நடந்து வந்து சேர்ந்தபோது எதிர்மலையின் உச்சி பனியில் மறைந்துவிட்டிருந்தது.

தள்ளிவிட்டார். மெதுவாகத்தான் போனாள். பாதித் தூரம் போனதும், சாக்குத் துண்டு சில்லுக்குள் சுருண்டு இறுகிக்கொண்டது. கொக்கி நின்றுவிட்டது. ஆற்றுக்கு நேர் மேலே, ஒரு பக்கமும் எட்டாத இடத்தில் பவுலின் தொங்கினாள்.

அடுத்த ஐந்து நிமிஷத்தில் மூடுபனி வந்து மூடியது. முதலில் கீழ்ப்பக்கம் மறைந்தது, பிறகு மேல்பக்கம், பிறகு தன் கால்களே அவளுக்குத் தெரியவில்லை.

பிறந்த நாள் முதலாக அவளுடைய கால்களுக்கு ஏதாவது வேலை இருந்தது. பிரச்சினை வந்தால் நடப்பாள், கோபம் வந்தால் நடப்பாள், அம்மா செத்த அன்றைக்குச் சவப்பெட்டி வருமட்டும் லயத்தின் இந்த முனைக்கும் அந்த முனைக்குமாக நடந்துகொண்டிருந்தாள். இப்போது கால் இரண்டும் சும்மா தொங்கின. உதைத்தால் கம்பி ஆடியது. ஆடினால் வார் இன்னும் இறுகியது. பொய்முடி நனைந்து கண்ணை மறைத்தது. கழற்றிப் போட்டாள். அது விழுந்த சத்தம் கேட்கவில்லை. தன்னை விட்டுவிட்டு எல்லாரும் ஜீப்பில் ஏறிப் போய்விட்டதாக ஒரு நேரம் தோன்றியதாம். கப்பல் வந்து, அப்பா மட்டும் ஏறிப் போய்விட்டதாக இன்னொரு நேரம். அழுதாளா என்பதை அவள் சொல்லவில்லை.

பிறகு கம்பி அதிர்ந்தது. மேல் கம்பியடியில் சூசைரட்ணம் ஒரு இரும்பை வைத்துக் கம்பியைத் தட்டிக்கொண்டிருந்தார். பவுலின் கொக்கியின் மேல் பிடியைக் கையால் மூன்று முறை குத்தினாள். அப்பாவின் கை அதை உணர்ந்திருக்க வேண்டும். பனிக்குள்ளிருந்து சத்தம் வந்தது.

"பவுலு! கயிறு கட்டி இன்னொரு கொக்கி அனுப்புறேன். அத இடுப்புல கட்டிக்கோ. மேல இழுத்துக்கிறோம். கயிறு எடுக்க ஆளு போயிருக்கு. அது வர்றவரைக்கும் அசையாம இரு!"

"எவ்வளவு நேரம்பா?"

"ஒரு மணித்தியாலம். அசையாம இரு, என் ராசாத்தி!"

அசையாமல் இரு என்று சொல்லாமல் வேறு ஏதாவது சொல்லியிருந்தால் காத்திருந்திருப்பாளோ என்னவோ. பவுலின் ஒரு கையால் கொக்கியைப் பிடித்துக்கொண்டு உடம்பை மேலே தூக்கினாள். மற்றக் கையின் விரல்களைச் சில்லுக்கடியில் நுழைத்துச் சாக்கைப் பிடுங்கினாள். நார் நாராகத்தான் வந்தது. கை சோர்ந்தால் தொங்குவாள், திரும்பத் தூக்குவாள். இரண்டு நகங்கள் பிய்ந்தன. பல்லால் கடித்தும் இழுத்தாள். மேலே அப்பாவுக்குக் கம்பி ஆடுவது தெரிந்தது. "என்னா செய்ற? ஏய்! என்னா செய்ற?" என்று அவர் கத்திக்கொண்டே இருந்தார்.

கடைசி நார் வந்ததும் சில்லு ஒரு முறை முனகியது, பிறகு உருண்டது.

கீழ்க் கம்பியடியில் எல்லாரும் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். கமராக்காரர் மட்டும் என்ன நினைத்தாரோ, கம்பிச் சத்தம் கேட்டதும் பொத்தானை அழுத்தினார். பனியைக் கிழித்துக்கொண்டு பவுலின் வந்தாள். பொய்முடி இல்லை. சொந்த முடி நனைந்து நெற்றியில் ஒட்டியிருந்தது. வாயில் சாக்கு நார். மாயாண்டி சாக்கு மதிலை நம்பாமல், அதற்கு முன்னால் தானே கையை விரித்து நின்றான். இரண்டு பேரும் சாக்குகளுக்குள் புதைந்து விழுந்தார்கள். அவனுக்கு ஒரு விலா எலும்பு விட்டுப்போனது.

டைரக்டர் ஓடிவந்தார். அவருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. இந்த மாதிரி ஒரு முகத்தைத் தன் வாழ்நாளில் படம் பிடித்ததில்லை என்று றோலண்டிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். அரை மணித்தியாலத்தில் சூசைரட்ணம் ஒற்றையடிப் பாதையால் ஓடி இறங்கி வந்து சேர்ந்தார். மகளை அடிக்கவும் இல்லை, கட்டிப் பிடிக்கவும் இல்லை. அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தார். பிறகு டைரக்டருக்கு நேரே போய் நின்று, தெரிந்த சிங்களத்தில், "ஆயெத் பே, மாத்தயா" என்றார். இனி முடியாது. அதற்கு மேல் கம்பிப் பக்கம் யாரையும் அவர் விடவில்லை.

போகிறபோது றோலண்ட் ஒரு துண்டில் தன் விலாசத்தை எழுதிக் கொடுத்தார். "படம் வந்தா கட்டாயம் பாருங்க தங்கச்சி. உங்கட முகம் வருது."

படம் அடுத்த வருஷம் தைப்பொங்கல் கழிந்து அட்டனுக்கு வந்தது. "இன்னொருத்தி" என்று அர்த்தம் வருகிற ஒரு சிங்களப் பெயர். ஞாயிற்றுக்கிழமை பவுலினும் மீனம்மாவும் காலை பஸ் ஏறிப் போனார்கள். தியேட்டரில் முக்கால்வாசிப் பேர் இருந்தார்கள். ஸ்டோர் மாடி வந்ததும் மீனம்மா தன்னைக் கண்டுபிடித்துப் பவுலினின் தொடையில் கிள்ளினாள். ஏழாவது தட்டில் சாக்கு படுத்திருந்தது. மற்றவர்களைவிட அதுதான் நன்றாக நடித்திருந்தது என்றாள் மீனம்மா.

கம்பிக் காட்சி வந்தது. தூரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி பள்ளத்தாக்கைத் தாண்டியது. கிட்டத்தில் தில்ருக்ஷியின் முகம், காற்றாடி விசிறிய முடி. மறுபடி வெள்ளைப் புள்ளி. பிறகு திரை முழுக்கப் பனி. அந்தப் பனிக்குள்ளிருந்து பவுலின் வந்தாள். அவளுடைய முகம், அவளுடைய முடி, பல்லில் நார். இரண்டு விநாடிதான். தில்ருக்ஷியின் நகல் எப்படித் திடீரென்று வேறு முகமானாள் என்று யாரும் கேட்கவில்லை. தியேட்டர் கை தட்டியது.

ஆனால் படம் அங்கே நிற்கவில்லை. வில்லனின் ஆள் கோடரியால் கம்பியை வெட்டினான். வெள்ளைக் கவுன் போட்ட உருவம் ஒன்று சுழன்று சுழன்று ஆற்றில் விழுந்தது. கையும் காலும் வளையாமல் விறைத்தபடி விழுந்தது. அடுத்த காட்சியில் உண்மையான பணக்காரப் பெண் ஆற்றங்கரையில் தன் காதலனின் தோளில் சாய்ந்திருந்தாள். இனி ஒருத்திதான்.

"பொய்!" என்று பவுலின் எழுந்து நின்றாள். "நான் விழல! அது சாக்கு! நான் கீழ போய்ச் சேந்துட்டேன்!"

பின்னாலிருந்து உட்காரச் சொல்லிக் கத்தினார்கள். டோர்ச் லைட்டோடு ஒருவன் வந்தான். மீனம்மா முந்தானையைப் பிடித்து இழுத்தாள். பவுலின் உட்காரவில்லை. திரையைப் பார்த்து, "மாயாண்டியக் கேளுங்க, அவன்தான் பிடிச்சான்" என்றாள். யாருக்கு மாயாண்டியைத் தெரியும்?

முன்வரிசையில் இருந்த ஒரு சிங்களப் பெண் திரும்பிப் பார்த்தாள். பவுலினின் முகத்தில் டோர்ச் வெளிச்சம் விழுந்திருந்தது. அந்தப் பெண் பக்கத்திலிருந்தவளின் கையைத் தட்டி, "ஏ மே நங்கி!" என்றாள். அது இந்தப் பெண்தான். அந்த வரிசையில் ஐந்தாறு பேர் எழுந்து திரும்பிப் பார்த்தார்கள். ஒரு கிழவர் கும்பிட்டார். அதற்குள் டோர்ச்காரன் இருவரையும் வெளியே கொண்டுபோய் விட்டுவிட்டான்.

பஸ்ஸுக்குக் காத்திருக்க அவளால் முடியவில்லை. பாதி வழியில் இருக்கும் நோர்வூட் வரைக்கும் நடந்தே போனார்கள். மீனம்மாவின் கால் கொப்பளித்தது.

வீட்டுக்கு வந்ததும் பவுலின் றோலண்டுக்கு எழுதினாள். படத்தில் என்னைக் கொன்றது சரியில்லை என்று ஒரே வரி. இரண்டு வாரத்தில் ஒரு தபாலட்டை வந்தது. "தங்கச்சி, கதையில நகல் சாகத்தான் வேணும். ரெண்டு பேரும் இருந்தா சனம் ஒத்துக்கொள்ளாது. நீங்க சுகமா?" பவுலின் அதை அடுப்பில் போட்டாள். அதற்குப் பிறகு பல நாள், கொழுந்து பறிக்கும்போது, தண்ணீர் பிடிக்கும்போது, யாரும் கேட்காமலே "ஏன் ஒத்துக்க மாட்டாங்க?" என்று சொல்லிக்கொண்டிருந்தாளாம்.

1982இல் கப்பல் தேதி வந்தது. சூசைரட்ணம் கடுதாசியைக் கொண்டுவந்து விளக்குக்குக் கீழே வைத்தார்.

"நான் வரல்லப்பா."

"ஒன்பது வருஷமா இதுக்குத்தானே இருந்தோம்?"

"இருந்தோம். அங்க போயி மொதல்ல இருந்து இருக்கணும். வீடு தர்றவரைக்கும், வேல தர்றவரைக்கும். என்னால ஏலாது."

"இங்க மட்டும் என்னா இருக்கு உனக்கு?"

"கம்பி இருக்கு" என்றாள்.

அவர் ஒரு வாரம் கோபமாகத் திரிந்தார். தன் தம்பி குடும்பத்தோடு அவர் மட்டும் போவதென்று முடிவானது. கப்பல்துறைக்குப் போகும் வண்டி ஏற வந்த அட்டன் ஸ்டேசனில் ஊரே ஒருவரை ஒருவர் கட்டிப் பிடித்து அழுதுகொண்டிருந்தபோது, அப்பாவும் மகளும் கிறீஸ் டப்பாவைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் கொக்கிப் பெட்டியின் அடியில் வைத்ததாகச் சொன்னார். அவள் அங்கே இல்லை என்றாள். வண்டி நகர்ந்த பிறகும் அவர் ஜன்னலால் தலையை நீட்டி, "மாயாண்டிகிட்ட கேளு!" என்று கத்தினார். கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலை கிடைத்ததாகக் கடிதம் வந்தது. அங்கே கொழுந்தைத் தலையில்தான் சுமக்கிறார்கள் என்று குறைபட்டிருந்தார்.

கம்பிக்காரர் வேலைக்குப் பெண்ணைப் போட்டதில்லை என்றார் கண்டாக்கு. அப்படியானால் அப்பாவிடம் பழகிய தன்னைப்போல அறுந்த கம்பியை முறுக்கிப் பின்னத் தெரிந்த ஆணைக் கொண்டுவாருங்கள் என்றாள் பவுலின். இரண்டு பேரைக் கொண்டுவந்து பார்த்தார். மூன்றாம் வாரம் அவளையே போட்டார்.

எண்பத்துமூன்று ஜூலை இனக்கலவரத்தில் கடைவீதி எரிந்தது. மூணுகல் ஆட்கள் மூன்று நாள் தேயிலைக்குள் ஒளிந்து கிடந்தார்கள். அந்த மூன்று நாளும் பவுலின்தான் குனிந்தபடி லயத்துக்கும் புதருக்குமாக ஓடிப் பிள்ளைகளுக்கு ரொட்டி கொண்டுவந்தாள். அடுத்த வருஷம் மாயாண்டியைக் கட்டிக்கொண்டாள். அவன் ஸ்டோரின் காவல் சாமியான ரோதமுனிக்குப் படைப்பவன், இவள் வேதக்காரி. கோவிலிலும் இல்லை, மாதா கோவிலிலும் இல்லை, அட்டனில் போய்ப் பதிவு எழுதிவிட்டு வந்தார்கள். மேல் கம்பியடியில் அவளும் கீழ்க் கம்பியடியில் அவனும் பகலெல்லாம் மணியடித்துப் பேசிக்கொண்டார்கள். என்ன பேசினார்கள் என்று தெரியாது. கண்டாக்கு இரண்டு முறை எச்சரித்தார்.

எண்பத்தாறில் மேல்மலைக்கு லொறிப் பாதை வந்து கம்பியைக் கழற்றினார்கள். கம்பி சுருளாகி லொறியில் ஏறிய மறுநாள் காலையில் பவுலின் ஒபீசுக்குப் போய் நின்றாள். பொகவந்தலாவைத் தபாற்கந்தோருக்குப் போய்த் தோட்டத்துத் தபாலைக் கொண்டுவரும் கிழவர் படுக்கையில் விழுந்திருந்தார். போக நாலு மைல், வர நாலு மைல், பிறகு மூன்று பிரிவுக்கும் கொடுக்க வேண்டும். யாருக்கும் பிடிக்காத வேலை. அதை அவள் கேட்டு வாங்கினாள்.

நான் அவளைப் பார்த்ததெல்லாம் அதற்குப் பிறகுதான். தோளில் காக்கிப் பை, தலையில் மழைக்குக் கொங்காணி போட்ட சாக்கு, அட்டை கடிக்காமலிருக்க முழங்கால் வரைக்கும் சவர்க்காரம். எண்பத்தெட்டுக்குப் பிறகு நாடில்லாதவர்களுக்குப் பிரஜாவுரிமை தருவதாகச் சட்டம் வந்து, பழுப்புக் கவர்கள் கட்டுக் கட்டாக வரத் தொடங்கின. வாசல் வாசலாகப் போய்ப் பெயர் சொல்லிக் கொடுத்தாள். மீனம்மாவுக்கு வந்தது. மாயாண்டிக்கும் வந்தது. முன்பு இந்தியாப் பட்டியலில் பெயர் இருந்தபடியால் பவுலினுக்கு வரவில்லை. அட்டன் கந்தோருக்கு ஆறு முறை போனாள். ஆறு முறையும் பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள், ஆறு முறையும் நின்றாள்.

தொண்ணூறு தொடங்கக் கொஞ்சம் முந்தி, ஒரு நாள் பதினொன்றரை மணிக்குப் பாடசாலை ஜன்னலில் அவளுடைய தலை தெரிந்தது. கல்வித் திணைக்களக் கவர்.

"சேர், மாத்தம் போல இருக்கே. எங்கங்க?"

பிரித்துப் பார்த்தேன். "டயகம."

"டயகமவா!" என்றாள். ஒரு பெரிய பரிசு எனக்குக் கிடைத்துவிட்டதைப் போல முகம் விரிந்தது. "நல்ல தூரமுங்க சேர்."

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். பேனையைப் பைக்குள் போடும்போதே அவளுடைய கால் கீழ்ப் பிரிவுப் படியில் இறங்கியிருந்தது.